ரோவரை இயக்கியது யார்?

அன்புள்ள ஐயா,

சினிமாவின் தொடக்க காலம் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது 1905இல் இங்கிலாந்தில் எடுத்த 'ரெஸ்க்யூட் பை ரோவர்' என்ற படத்தை இணையத்தில் பார்த்தேன். ஆறேழு நிமிடம்தான் ஓடுகிறது. திருடு போன குழந்தையை வீட்டு நாய் கண்டுபிடிக்கும் கதை. ஓரிடத்தில் இயக்குநர் செசில் ஹெப்வொர்த் என்கிறார்கள், இன்னோரிடத்தில் லூயின் ஃபிட்ஸ்ஹாமன். எது சரி? ஹெப்வொர்த் பெரிய தொழில்நுட்பக்காரர், ஆனால் கலைஞர் இல்லை என்கிறார் என் நண்பர். அப்படியே வைத்துக்கொண்டாலும், தொழில் தெரிந்தவர் எப்படித் திவாலானார்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இயக்கியவர் ஃபிட்ஸ்ஹாமன். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தப் படம் எப்படி உருவானது என்று பார்த்தால் இந்தக் குழப்பம் ஏன் வந்தது என்பது புரியும். கதையை எழுதியவர் ஹெப்வொர்த்தின் மனைவி. படத்தில் தாயாக நடித்தவரும் அவரே. தந்தை வேடம் ஹெப்வொர்த்துக்கு. குழந்தை அவர்களுடைய மகள், நாய் அவர்கள் வீட்டில் வளர்ந்த பிளேர். தாதியாக வரும் மே கிளார்க் அந்தக் கம்பெனியில் எல்லா வேலையும் செய்தவர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1903இல், ஹெப்வொர்த்தின் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' படத்தில் ஆலிஸாக வந்தவரும் அவர்தான். வால்டன்-ஆன்-தேம்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டைப் பிடித்து, தோட்டத்தில் சின்ன மேடை போட்டு, வீட்டுக்குள்ளேயே பிலிம் கழுவிப் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்த பட்டறை அது. டைட்டில் கார்டில் பெயர் போடும் வழக்கமும் அப்போது இல்லை.

படத்தின் செலவு 7 பவுண்டு, 13 ஷில்லிங், 9 பென்ஸ். அந்தக் காலத்தில் படத்தை வாடகைக்கு விடுவதில்லை, பிரிண்ட் போட்டு விற்றுவிடுவார்கள். ரோவர் 395 பிரிண்ட் விற்றது. ஒவ்வொரு பிரிண்டும் மூல நெகட்டிவிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதால் நெகட்டிவ் தேய்ந்து போனது. முழுப் படத்தையும் மறுபடி எடுத்தார்கள். அதுவும் தேய்ந்தது. மூன்றாவது முறையும் எடுத்தார்கள்.

நீங்கள் இன்னொரு முறை பார்க்கும்போது நாய் ஓடும் திசையைக் கவனியுங்கள். வீட்டு ஜன்னல் வழியாகக் குதித்துத் தெருவில் ஓடிவருகிறது. ஒரு மூலை திரும்புகிறது. ஆற்றில் இறங்கி நீந்துகிறது. ஏழைகள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் கதவு கதவாகத் தேடுகிறது. இந்த ஓட்டம் முழுக்க அது காமிராவை நோக்கி வருகிறது. குழந்தையைக் கண்டுவிட்டுத் திரும்பும்போது அதே இடங்கள், அதே காமிரா, ஆனால் நாய் நமக்கு முதுகைக் காட்டி ஓடுகிறது. அப்புறம் எஜமானரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் நம்மை நோக்கி. ஆற்றை நாய் நீந்திக் கடக்க, அவர் படகில் வருகிறார். ஒரு வார்த்தை எழுதிக் காட்டாமல் போகிறது, திரும்புகிறது, மறுபடி போகிறது என்பதெல்லாம் நமக்குத் தெளிவாகிவிடுகிறது. 1905இல் பெரும்பாலான படங்கள் நாடக மேடையைப் படம் பிடித்த மாதிரி இருந்தன என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். குழந்தையை ஒளித்துவைத்திருக்கும் பரண் அறையின் வெளிச்சத்தையும் பாருங்கள். அங்கே ஆர்க் விளக்கு, அதாவது இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து எரியும் பிரகாசமான விளக்கு, போட்டிருக்கிறார்கள். ஆர்க் விளக்கு ஹெப்வொர்த்துக்குக் கைவந்த விஷயம். இருபது வயதை ஒட்டிய காலத்திலேயே அதில் காப்புரிமை வாங்கியவர் அவர்.

அவரைப் புரிந்துகொள்ள அவருடைய அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். செசில் 1874இல் லண்டனில் பிறந்தார். அப்பா மேஜிக் லாந்தர் காட்சிகள் போட்டு ஊர் ஊராக விரிவுரை நடத்தியவர். கண்ணாடியில் இருக்கும் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவார்கள். ஒரு படம் மங்க மங்க அடுத்தது மெல்லத் தெளியும். பையன் அதைப் பார்த்தே வளர்ந்தவன். 1897இல், 23 வயதில், அசையும் படங்களின் தொழில்நுட்பம் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். பிரிட்டனில் அந்தத் துறைக்கு அதுதான் முதல் நூல். 1901இல் விக்டோரியா அரசியின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்தபோது, அந்த நிசப்தத்தில் தன் காமிரா போட்ட சத்தத்தைக் கேட்டு ஏழாம் எட்வர்ட் ஊர்வலத்தையே சற்று நிறுத்தினார் என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ரோவரின் வேகம் ஃபிட்ஸ்ஹாமனுடையது என்றுதான் நினைக்கிறேன். ஹெப்வொர்த்துக்குப் பிடித்தது வேறு. படம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், பார்க்கிறவன் கண் எங்கேயும் இடறக் கூடாது. பிற்காலத்தில் அவரே இயக்கிய முழுநீளப் படங்களில் ஷாட்டுக்கு ஷாட் 'கட்' செய்வதையே கூடுமானவரை தவிர்த்தார். ஒரு ஷாட்டை மங்கச் செய்து அடுத்ததை மெல்லக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித் கட்களால் பார்வையாளர்களின் நெஞ்சைப் பதறவைத்துக்கொண்டிருந்த பிறகும் இவர் மாறவில்லை. பழமைவாதி என்று விமர்சகர்கள் எழுதினார்கள். உங்கள் நண்பர் சொல்வதும் அங்கிருந்து வந்ததுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1923இல் அவர் எடுத்த 'கமின் த்ரூ தி ரை' படத்தின் வயல்களைப் பார்த்தவர் அவரைக் கலைஞர் இல்லை என்று சொல்ல மாட்டார். லாந்தர்க்காரர் மகன், ஒவ்வொரு படத்தையும் கண்கொட்டாமல் பார்க்கச் சொல்கிறார். கதையின் ஓட்டம் அதனால் தளர்கிறது, உண்மை. அழகு குறையவில்லை.

நடிகர்களையும் அப்படித்தான் பொறுமையாக வளர்த்தார். அவருடைய பட்டறையில் சிறுமியாக நுழைந்த அல்மா டெய்லர், 1915இல் ஒரு சினிமாப் பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில் சாப்ளினையே முந்தினார்.

சரி, திவால். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் அரங்குகளை அமெரிக்கப் படங்கள் நிறைத்துவிட்டன. இன்னும் எடுக்காத படங்களையும் சேர்த்துக் கட்டாக முன்பதிவு செய்யும்படி அமெரிக்கக் கம்பெனிகள் அரங்குக்காரர்களை வற்புறுத்தின. ஆங்கிலப் படம் திரைக்கு வரவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, போட்ட பணம் அதுவரை முடங்கிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஹெப்வொர்த் கம்பெனியைப் பெரிதாக்கினார். புதிய ஸ்டுடியோக்களுக்குத் திட்டம் போட்டு, மின்சாரத்துக்கென்று தனிக் கட்டடமே எழுப்பினார். பங்கு வெளியிட்டார், வாங்க ஆள் வரவில்லை. 1924இல் எல்லாம் கைவிட்டுப் போனது. நிறையச் செலவழித்தார் என்பதைவிடத் தவறான வருடத்தில் செலவழித்தார் என்றே சொல்வேன்.

கடனை அடைப்பதற்காக அவருடைய நெகட்டிவ்களை எடுத்துக்கொண்டு போய் உருக்கி விற்றுவிட்டார்கள். கால் நூற்றாண்டு உழைப்பு. ஸ்டுடியோ போனதைக்கூடத் தாங்கலாம். இதை நினைக்கும்போது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கலைஞனா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற யாரும் அவர் எடுத்ததில் மிகச் சிறிய பகுதியை மட்டுமே பார்த்திருக்கிறோம். ரோவர் இன்று நமக்குக் கிடைப்பதற்குக் காரணமே அத்தனை பிரிண்ட் விற்றுப் பல இடங்களுக்குப் போனதுதான்.

அதன் பிறகு அவர் டிரெய்லர்களும் விளம்பரப் படங்களும் எடுத்துப் பிழைத்தார். 1940களில் பிரிட்டிஷ் சினிமா வரலாற்றை எழுதவைக்க அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தார். ரேச்சல் லோ எழுதிய வரலாற்றுத் தொகுதிகள் அப்படி வந்தவை. 1953இல் இறந்தார்.

ரோவருக்கு அடுத்து 'ஆலிஸ்' பாருங்கள். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் சீர்செய்து வெளியிட்டிருக்கிறது. பிரிண்ட் மிகவும் சிதைந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிரிக்கும் பூனையாக வருவது யாரென்று தெரியவில்லையே என்று தேட வேண்டாம், அதுவும் அவர்கள் வீட்டுப் பூனைதான். 'ரை' கிடைத்தால் நண்பரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.