முற்றொருமைக்கும் சமன்பாட்டுக்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் சமக்குறிதானே இருக்கிறது?

நாளைக்குத் தேர்வை வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். (மாறியை ம என்றே எழுதுகிறேன்; எக்ஸுக்காக விசைப்பலகையை மாற்றச் சோம்பல்.)

ம² + 2 = 3ம என்பது சமன்பாடு. ம-வுக்கு 1 போட்டாலும் 2 போட்டாலும் சரியாக வரும், வேறு எதைப் போட்டாலும் வராது. அந்த இரண்டையும் தேடிப் பிடிப்பதுதான் தீர்ப்பது. (ம+1)² − (ம−1)² = 4ம என்பது முற்றொருமை. எந்த எண்ணைப் போட்டாலும் சரி. இதில் தீர்க்க ஒன்றுமில்லை, நிறுவத்தான் வேண்டும்.

இந்த 'நிறுவுக' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு இன்னும் எரியும். ஒன்பதாம் வகுப்பில் இதே முற்றொருமையைக் கேட்டிருந்தார்கள். விரிவாக்கம் சுத்தமாக மறந்துவிட்டது. 1, 2, 3 என்று மூன்று எண்களைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் 4, அப்புறம் 8, அப்புறம் 12. 'நிறுவப்பட்டது' என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்துக்குப் பூஜ்யம். அதோடு விடவில்லை. ஆசிரியர் தாளைத் தூக்கிக் காட்டி, "மூன்று ஆடு வெள்ளை என்றால் ஊரில் உள்ள ஆடெல்லாம் வெள்ளையா?" என்றார். வகுப்பே சிரித்தது.

கல்லூரியில்தான் விஷயம் புரிந்தது. இருபடிச் சமன்பாட்டுக்கு, அதாவது ம² வரை மட்டும் போகும் சமன்பாட்டுக்கு, இரண்டு மூலங்களுக்கு (பொருந்தும் எண்களுக்கு) மேல் இருக்க முடியாது. ஆகவே இரு பக்கமும் இருபடியைத் தாண்டாத கோவைகளாக இருந்து, மூன்று வெவ்வேறு எண்களுக்குச் சமமாகிவிட்டால் அது முற்றொருமையேதான். மேலே உள்ள சமன்பாட்டில் 3 போட்டுப் பாருங்கள்: ஒரு பக்கம் 11, மறுபக்கம் 9. மாட்டிக்கொண்டது. என்னுடையது மாட்டவில்லை. இந்தக் காரணத்தை ஒரு வரி எழுதியிருந்தால் என் விடை முழு நிரூபணம். எழுதவில்லை, அன்று எனக்குத் தெரியவும் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பூஜ்யமா?

"பிள்ளைகளைக் கெடுக்காதே" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பல்லுறுப்புக்கோவைகளுக்கு (ம, ம² போன்ற அடுக்குகளை எண்களால் பெருக்கிக் கூட்டிக் கழித்து வருபவை) மட்டும்தான் சொல்கிறேன். முக்கோணவியலில் இது எடுபடாது. சைன் (180ம)° = 0 என்பதில் எந்த முழு எண்ணைப் போட்டாலும் பொருந்தும், அரையைப் போட்டால் 1 வந்து நிற்கும். நீங்கள் நாளைக்கு விரித்தே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. வேல்ஸ் நாட்டுக் கணிதவியலாளர் ராபர்ட் ரெக்கார்ட் இரண்டு கோடு போட்டுச் சமக்குறியைக் கொண்டுவந்தது 1557இல். முற்றொருமைக்கென்றே மூன்று கோட்டுக் குறி (≡) ஒன்றும் பிற்பாடு வந்துவிட்டது. கேள்வித்தாள் அச்சடிப்பவர்களுக்கு அந்த ஒரு கோட்டில் என்ன கஞ்சத்தனமோ!