மேலிருந்து வருபவரே இடம் விட வேண்டும்

பனிச்சறுக்குச் சரிவுகளிலும், சரிவின் உச்சிக்கு ஏற்றிச் செல்லும் லிஃப்டுகளுக்கான வரிசைகளிலும் நேரும் உரசல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அகலமான வளைவுகள் எடுத்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த என் மனைவியைப் பின்னாலிருந்து வேகமாக வந்த ஒருவர் இடித்துத் தள்ளிவிட்டார். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, "நீங்கள்தான் திடீரென்று குறுக்கே திரும்பினீர்கள்" என்று அவர்மீதே பழியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். தவறு யாருடையது?

பதில்: இடித்தவருடையதுதான். முன்னால் செல்பவரால் தம் முதுகுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க முடியாது. மேலிருந்து வருபவருக்கோ கீழே உள்ள சரிவும் அதில் செல்பவர்களும் கண்ணெதிரே இருக்கிறார்கள். அதனால்தான் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 1967இல் ஏற்றுக்கொண்ட பத்து நடத்தை விதிகளில் மூன்றாவது, முன்னால் செல்பவருக்கு ஆபத்து நேராத தடத்தைப் பின்னால் வருபவரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. உங்கள் மனைவிமீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுக்கு நேரடியான பதில் நான்காவது விதியில் இருக்கிறது. ஒருவரை எந்தப் பக்கமாகவும் முந்திச் செல்லலாம், ஆனால் அவர் வேண்டுமென்றோ தம்மை அறியாமலோ செய்யும் எந்த அசைவுக்கும் போதுமான இடம் விட்டே முந்த வேண்டும். திடீர்த் திருப்பமும், தடுமாற்றமும், விழுவதும்கூட இதில் அடங்கும் என்பதால், "நீங்கள் திரும்புவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை" என்னும் சமாதானம் எடுபடாது. ஆல்ப்ஸ் மலை நாடுகளின் நீதிமன்றங்கள் விபத்து வழக்குகளில் இவ்விதிகளை அளவுகோலாகக் கொள்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1979இல் இயற்றப்பட்ட பனிச்சறுக்குப் பாதுகாப்புச் சட்டமும், கீழே இருப்பவர்மீது மோதாமல் இருக்கும் முதன்மைக் கடமையை மேலிருந்து வருபவரிடமே வைக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நின்றிருந்தவர் மீண்டும் புறப்படும்போதும், பக்கத்துத் தடத்திலிருந்து வந்து சேரும்போதும், சரிவில் மேல்நோக்கித் திரும்பும்போதும், மேலும் கீழும் பார்த்துவிட்டே நகர வேண்டும் என்று ஐந்தாவது விதி கூறுகிறது. நீங்கள் விவரித்தபடி உங்கள் மனைவி இறங்கிக்கொண்டே இருந்தார் என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

முந்தும்போது "இடப்பக்கம்!" என்று கத்திவிட்டால் தம் பொறுப்பு முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். புதிதாகப் பழகுபவர் அந்தக் குரலைக் கேட்டதும் பதறி, குரல் வந்த பக்கமே திரும்பிவிடக்கூடும். ஆகவே நிறைய இடம் விட்டுச் செல்வதே பாதுகாப்பானது. ஸ்னோபோர்டில், அதாவது இரு கால்களையும் பூட்டிக்கொள்ளும் ஒற்றைப் பலகையில், செல்பவர் பக்கவாட்டாக நிற்பதால் அவருடைய முதுகுப்புறம் அவருக்குத் தெரிவதில்லை; அந்தப் பக்கத்தில் இன்னும் கூடுதலாக விலகிச் செல்லுங்கள்.

இடித்தவர் நிற்காமல் போனதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. மோதலுக்குப் பின், தவறு யாருடையதாக இருந்தாலும், சம்பந்தப்பட்டவர்களும் நேரில் கண்டவர்களும் பெயரையும் முகவரியையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது பத்தாவது விதி.

கேள்வி: லிஃப்ட் வரிசையில் நிற்கும்போது பின்னால் இருப்பவர்கள் என் ஸ்கீக்களின்மேல் (காலுக்கொன்றாகப் பூட்டும் நீண்ட சறுக்குப் பலகைகளின்மேல்) ஏறி நிற்கிறார்கள். வரிசைகள் ஒன்றுசேரும் இடத்தில் நண்பர்கள் கூட்டமாக நுழைந்துவிடுகிறார்கள். பொறுத்துக்கொள்வதா, சொல்லிவிடுவதா?

பதில்: சொல்லிவிடுங்கள், ஆனால் தணிந்த குரலில். பின்னால் நிற்பவருடைய ஸ்கீயின் எஃகு விளிம்பு ஏறும்போது உங்கள் ஸ்கீயின் மேற்பரப்பில் கீறல் விழும், விளிம்போரமாகப் பூச்சும் பெயரும். வாடகை ஸ்கீயாக இருந்தால் அந்தச் சேதத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரலாம். தவிர, உங்கள் ஸ்கீயின் பின்முனையை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க, நீங்கள் அதை அறியாமல் முன்னே நகர முயன்றால் அங்கேயே விழுவீர்கள். முன்னால் நிற்பவரின் ஸ்கீக்கள் முடிகிற இடத்துக்குப் பின்னால் நம்முடைய முனைகள் நிற்க வேண்டும். அந்த இடைவெளியைக் காலியிடம் என்று எண்ணி நிரப்ப முயல்வதால்தான் பெரும்பாலான மிதிகள் நேர்கின்றன. ஒற்றைக் காலில் மட்டும் பலகையைப் பூட்டிக்கொண்டு நகரும் ஸ்னோபோர்டுக்காரருக்கு அதைக் கட்டுப்படுத்துவது கடினம் என்பதால் அவருக்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். இரண்டு ஸ்கீக்களிலும் உறுதியாக நிற்பவருக்கு அந்தச் சாக்கு இல்லை.

வரிசைகள் சேரும் இடத்தில் இந்தப் பக்கம் ஒரு குழு, அந்தப் பக்கம் ஒரு குழு என்று மாறிமாறிச் செல்வதே முறை. நண்பர்கள் வந்து சேரவில்லை என்றால் வரிசைக்கு வெளியே காத்திருக்க வேண்டுமே தவிர, ஒருவர் உள்ளே நின்று ஐந்து பேருக்கு இடம் பிடித்து வைக்கக் கூடாது. தனியாக வந்தவர்களுக்கென்று தனி வரிசை இருந்தால், தனியாகச் செல்பவர்கள் அதையே பயன்படுத்துவது எல்லோருக்கும் நல்லது. ஆறு பேர் அமரும் இருக்கையில் இருவர் மட்டும் ஏறினால் நான்கு இடங்கள் வெறுமையாக மேலே போகின்றன. நெரிசலான காலை நேரத்தில் இப்படியே தொடர்ந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். முன்பின் தெரியாதவருடன் அமரத் தயங்கி இருக்கையை நிரப்பாமல் செல்வது, வரிசையில் முண்டியடிப்பதற்குச் சற்றும் குறையாத தன்னலம் என்பது என் கருத்து. சிறுவர் ஒருவரை உங்களுடன் அமர்த்தும்படி லிஃப்ட் பணியாளர் கேட்டால் மறுக்காதீர்கள்.

கேள்வி: சேர்லிஃப்டில் (கம்பிவடத்தில் தொங்கும் இருக்கைகளைக் கொண்ட லிஃப்டில்) பாதுகாப்புக் கம்பியை இறக்குவதற்கு மற்றவர்களின் சம்மதம் வேண்டுமா?

பதில்: சம்மதம் வேண்டியதில்லை, அறிவிப்பு வேண்டும். "கம்பியை இறக்குகிறேன்" என்று சொல்லி, எல்லோரும் தலையையும் கையையும் ஒதுக்கிக்கொள்ளும்வரை பொறுத்து இறக்குங்கள். வேண்டாம் என்று ஒருவர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மேலே போய் லிஃப்டிலிருந்து இறங்கியதும் அங்கேயே நின்று கையுறையைச் சரிசெய்வது பெருந்தொல்லை. அடுத்த இருக்கையில் வருபவர்களால் நிற்க முடியாது.

கேள்வி: சரிவின் நடுவே கூட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஸ்னோபோர்டுக்காரர்களைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. அவர்களுக்கு விதி கிடையாதா?

பதில்: எல்லோருக்கும் ஒரே விதிதான். கட்டாயத் தேவை இன்றிக் குறுகிய இடத்திலோ மேலிருந்து பார்வைக்கு எட்டாத இடத்திலோ நிற்கக் கூடாது, அப்படிப்பட்ட இடத்தில் விழுந்தாலும் விரைவில் விலகிவிட வேண்டும் என்று ஆறாவது விதி சொல்கிறது. மேட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழே உட்காருவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனெனில் மேட்டைத் தாண்டி வருபவர் அவர்களைக் காணும்போது திரும்புவதற்கு இடம் மிஞ்சியிருக்காது. குதிமேடைகளின் கீழே தரையிறங்கும் பகுதிக்கும் இது பொருந்தும். ஆனால் உங்கள் எரிச்சலில் ஒரு பங்கு நியாயமற்றது என்று சொல்ல வேண்டும். பலகையைப் பூட்டிக்கொள்ளப் பலருக்கு உட்கார்ந்தே ஆக வேண்டியிருக்கிறது; ஓரமாக, மேலிருந்து தெரியும்படி உட்கார்ந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கீக்காரர்களும் நடுச்சரிவில் வட்டமாக நின்று அரட்டையடிப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். நின்றுகொண்டிருப்பதால் அது தவறில்லை என்று ஆகிவிடாது.

கேள்வி: வழியில் ஒருவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தால், மீட்புப் பணியாளர்கள் வருவார்கள் என்று நம்பிப் போய்விடலாமா?

பதில்: கூடாது. விபத்தில் உதவுவது ஒவ்வொருவரின் கடமை என்பது ஒன்பதாவது விதி. முதலில் அவருக்கு மேலே சற்றுத் தொலைவில் இரண்டு ஸ்கீக்களைக் குறுக்காக, பெருக்கல் குறிபோல் பனியில் நட்டுவையுங்கள்; மேலிருந்து வருபவர்களுக்கு அதுவே எச்சரிக்கை. பிறகு அவரிடம் பேசிப் பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றவோ, அவரைத் தூக்கி நிறுத்தவோ முயலாமல், உடலை வெப்பமாக வைத்திருங்கள். தடத்தின் பெயரையும் அருகிலுள்ள குறிக்கம்பத்தின் எண்ணையும் குறித்து மீட்புப் பணியாளர்களுக்கு அழைப்பு விடுங்கள். கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காவிட்டால், அடுத்து வருபவரிடம் அந்த விவரத்தைச் சொல்லி அருகிலுள்ள லிஃப்ட் பணியாளரிடம் அனுப்பிவிட்டு, மீட்புப் பணியாளர்கள் வரும்வரை நீங்கள் அங்கேயே இருங்கள்.