முதல் அலுவலகம்: உங்கள் வேலைத்தாளைப் படிக்கப்போவது யார்?

"வணிகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். கணக்காளராக வேண்டும் என்பது என் விருப்பம். பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்றிலும், எட்டுப் பேர் மட்டும் வேலைபார்க்கும் சிறிய அலுவலகம் ஒன்றிலும் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பெரிய இடம் என்றால் பெயர் கிடைக்கும் என்று சிலரும், சிறிய இடத்தில்தான் தொழில் பிடிபடும் என்று சிலரும் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், கணக்கு வேலையை எல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளும் என்று பயமுறுத்துகிறார்கள். நான் எதைத் தேர்ந்தெடுப்பது?" இறுதியாண்டு மாணவி ஒருவரின் கேள்வி இது.

இரண்டு இடங்களுக்கும் நேரில் போய் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். "நான் தயாரிக்கும் வேலைத்தாளை யார் படிப்பார்கள்? படித்துவிட்டு என்னோடு உட்கார்ந்து பேசுவார்களா?" வேலைத்தாள் என்பது எதைச் சரிபார்த்தோம், என்ன கண்டோம் என்று எழுதிவைக்கும் பதிவு. பெயர் சொல்லி, "இவர் படிப்பார்" என்று பதில் வருகிற இடம்தான் உங்களுக்கு ஏற்றது. அலுவலகத்தின் அளவை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் தொழிலே அப்படி ஒரு திருத்தத்தில்தான் தொடங்கியது. பயிற்சியின் முதல் ஆண்டு. தணிக்கைக்கு வந்த நிறுவனத்தின் கடனாளிகளிடமிருந்து, "ஆம், இவ்வளவு பாக்கி தரவேண்டும்" என்று வந்த உறுதிக் கடிதங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. பதினொரு கடிதங்கள். எல்லாத் தொகையும் பேரேட்டோடு பொருந்தின. ஒவ்வொன்றுக்கும் குறியிட்டு மேலாளரிடம் நீட்டினேன். அவர் தொகையைப் பார்க்கவே இல்லை. "இவை உன் கைக்கு எப்படி வந்தன?" என்று கேட்டார். அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவு ஊழியர் மொத்தமாகக் கட்டித் தந்தார் என்றேன். "அப்படியென்றால் இவற்றைச் சான்றாக நம்ப முடியாது" என்றார்.

சர்வதேசத் தணிக்கைத் தரநிலை 505 சொல்வது அதைத்தான். உறுதிக் கடிதம் கேட்டு அனுப்புவது தணிக்கையாளரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பதிலும் அவருக்கே நேராக வரவேண்டும். இடையில் அந்த நிறுவனத்தின் கை பட்டுவிட்டால், தொகை பொருந்துவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தரநிலையைப் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். ஆனால் அது எனக்குள் இறங்கியது அந்த மேசை முன்னால் நின்றபோதுதான்.

இப்போது உங்கள் இரண்டு இடங்களுக்கு வருவோம். சிறிய அலுவலகத்தில் ஒரு வவுச்சர் குறிப்பேட்டில் பதிவாகி, பேரேட்டுக்கும், எல்லாக் கணக்குகளின் இருப்பையும் ஒன்றாகப் பட்டியலிடும் இருப்பாய்வுக்கும் போய், கடைசியில் இருப்புநிலைக் குறிப்பில் வந்து நிற்கும் முழுப் பாதையையும் ஓராண்டுக்குள் பார்த்துவிடலாம். பெரிய இடத்தில் ஆறு மாதம் சரக்கிருப்பு மட்டும், அடுத்த ஆறு மாதம் நிலைச் சொத்து மட்டும் என்று போகக்கூடும். ஆனால் ஒழுங்கான பயிற்சி, கடுமையான மேற்பார்வை, சிக்கலான கணக்குகள் அங்கே உண்டு. இரண்டிலும் உங்கள் வேலையைப் படிக்க ஆள் இருக்கிறது என்றால், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நான் சிறிய இடத்தையே சொல்வேன். படிக்க ஆள் இல்லாத சிறிய இடமென்றால், தயங்காமல் பெரிய இடத்துக்குப் போங்கள். தவறாகப் பழகிய கையைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

எங்கே சேர்ந்தாலும் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்: எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவது. பேரேட்டின் வங்கிக் கணக்குக்கும் வங்கி அறிக்கைக்கும் 360 வித்தியாசம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புதியவர் எல்லாப் பதிவையும் முதலிலிருந்து சரிபார்க்கத் தொடங்குவார். அனுபவமுள்ளவர் முதலில் அதை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிப்பார். 8,260 என்பதை யாரோ 8,620 என்று பதிந்திருப்பார்கள். வித்தியாசம் 1,500 என்றால் அதன் பாதியைத் தேடுவார். வரவாக வேண்டிய 750 செலவுப் பக்கம் ஏறியிருக்கலாம். இந்தத் தேடலுக்குப் பொறுமையில்லாதவர்கள்தான் வித்தியாசத்தை, காரணம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதை ஒருநாளும் செய்யாதீர்கள்.

கணினி பற்றிய பயத்துக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. 1979-இல் விசிகால்க் என்ற, தனிநபர் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருள் வருவதற்கு முன், ஒரு எண்ணை மாற்றினால் தாளில் உள்ள அத்தனை கூட்டுத்தொகையையும் அழித்து எழுத வேண்டியிருந்தது. அந்த உழைப்பு போய்விட்டது, கணக்காளர் போய்விடவில்லை. இன்று விலைப்பட்டியலைப் படித்துப் பதிவதையும், வங்கி வரவுகளைப் பொருத்துவதையும் மென்பொருள் செய்கிறது. பதிவு மட்டும் தெரிந்தவருக்கு இடம் சுருங்குகிறது என்பது உண்மை. இதை உங்களிடம் மறைப்பது நல்லதல்ல. பொருந்தாமல் மிஞ்சுகிறவை மனிதரிடம் வருகின்றன. இந்த வாடிக்கையாளர் பாக்கியைத் தருவாரா என்ற கேள்வியும் வருகிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலை 9, கடன் வாராமல் போகும்வரை காத்திருக்காமல், எதிர்பார்க்கும் இழப்பை முன்கூட்டியே மதிப்பிடச் சொல்கிறது. அதற்குத் தொழிலையும் ஆட்களையும் தெரிந்திருக்க வேண்டும். விரிதாளில் நல்ல தேர்ச்சியும், தரவுத்தளத்தில் கேள்வி எழுதும் அளவுக்கு எஸ்கியூஎல்லும் கற்றுக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேரும்போது அதுவே போதும்.

படித்த தரநிலைகளும் அப்படியே நிற்பதில்லை. 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்குச் சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலை 18 நடைமுறைக்கு வருகிறது. இலாப நட்டக் கணக்கின் அமைப்பே மாறுகிறது. நீங்கள் பயிற்சியில் இருக்கும் காலம் அது. மூத்தவர்களும் உங்களோடு சேர்ந்து புதிதாகப் படிக்கும் விஷயம் என்பதால், இதை இப்போதே படித்துவைத்தால் அலுவலகத்தில் உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்கும்.

தேர்வில் தேறினால் மட்டும் தொழில்முறைத் தகுதி கிடைத்துவிடாது. கணக்காளர்களுக்குச் சான்றளிக்கும் ஏசிசிஏ போன்ற அமைப்பு 36 மாத மேற்பார்வையுள்ள அனுபவத்தையும் கேட்கிறது. ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் அரைப் பக்கம் எழுதுங்கள்: என்ன செய்தேன், எது புரியவில்லை, யார் திருத்தினார், ஏன். வாடிக்கையாளரின் பெயரையோ தொகையையோ அதில் எழுதாதீர்கள். ரகசியம் காப்பது உங்கள் கடமை. அனுபவப் பதிவேட்டை நிரப்பும்போதும், அடுத்த நேர்காணலிலும் இந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

ஒரு நாள் யாராவது, "இந்த விலைப்பட்டியலின் தேதியை மட்டும் டிசம்பருக்கு மாற்றிவிடு" என்று சாதாரணமாகச் சொல்லக்கூடும். டிசம்பரோடு ஆண்டுக் கணக்கு முடியும் நிறுவனத்தில், அடுத்த ஆண்டு விற்பனையை இந்த ஆண்டில் காட்டும் வழி அது. சொல்பவர் நீங்கள் மதிக்கிறவராகவும் இருக்கலாம். அந்த நிமிடமே மாற்றிவிடாதீர்கள். சரக்கோடு போன அனுப்பீட்டுச் சீட்டில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். அதில் ஜனவரி என்றிருந்தால், மாற்றச் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். நிற்கவில்லையென்றால், அவருக்கு மேலிருப்பவரிடம் போங்கள். உங்கள் வேலைத்தாளைப் படித்துப் பேசும் ஒருவர் அலுவலகத்தில் இருந்தால், அந்தக் கதவைத் தட்டுவதற்கு உங்களுக்குத் தயக்கம் இருக்காது.