எம்ஜிபியும் டிஆர்6உம்: கேள்வி பதில்

கேள்வி: எம்ஜிபி, ட்ரையம்ஃப் டிஆர்6 ஆகிய பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் இரண்டில் வேகமானது எது? எண்களோடு கூறுங்கள்.

பதில்: பிரிட்டனில் விற்கப்பட்ட, பெட்ரோலை என்ஜினுக்குள் பீய்ச்சும் இஞ்செக்‌ஷன் கொண்ட டிஆர்6தான். ஆபிங்டன் தொழிற்சாலை 1962இல் வெளியிட்ட எம்ஜிபியின் 1798 சிசி நான்கு சிலிண்டர் என்ஜின், பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களுடன் 95 குதிரைத்திறன் தந்தது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட ஏறத்தாழ 12 விநாடி பிடிக்கும், உச்ச வேகம் 100 மைலைச் சற்றே தாண்டும். கோவென்ட்ரியில் உருவான டிஆர்6இன் 2498 சிசி ஆறு சிலிண்டர் என்ஜினுக்கு 150 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டது. 60 மைலுக்கு எட்டு விநாடி சொச்சம், உச்சம் 120 மைலை ஒட்டி. ஆனால் ஓட்டுபவர் அன்றாடம் உணர்வது டார்க் எனும் சுழற்றுவிசையைத்தான். எம்ஜிபியில் 110 பவுண்டு-அடி, டிஆர்6இல் 164. ஏற்றத்தில் டிஆர்6ஆல் கியரைக் குறைக்காமலே முந்திச் செல்ல முடிவது இதனால்தான்.

வாங்குவதற்கு முன் துருவைப் பாருங்கள். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பகுதியே வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த டிஆர்6உம் இதே வேகத்தில் போகுமா?

பதில்: போகாது. அங்கே இஞ்செக்‌ஷன் விற்கப்படவே இல்லை. இரட்டை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்களோடு 100 குதிரைத்திறனுக்குச் சற்று மேல்தான்.

கேள்வி: 1973 மாடல் டிஆர்6க்கு 125 குதிரைத்திறன் என்கிறார்கள். அளவிடும் முறை மாறியதே தவிர என்ஜின் மாறவில்லை என்பது என் வாதம்.

பதில்: உங்கள் வாதத்தில் பாதி சரி. பிந்தைய எண் டிஐஎன் என்னும் ஜெர்மானியத் தர முறைப்படி அளக்கப்பட்டது. முந்தைய என்ஜினை அதே முறையில் அளந்திருந்தாலும் 150 கிடைத்திருக்காது. ஆனால் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டும் உண்மையிலேயே மாற்றப்பட்டது. முதலில் வந்த கேம் ஷாஃப்ட், வால்வுகள் ஒருங்கே திறந்திருக்கும் நேரத்தை நீட்டி, உயர் சுழற்சியில் திறனைக் கூட்டியது. அதற்கு விலையாக, குறைந்த வேகத்தில் என்ஜின் குலுங்கியது, நகர நெரிசலில் ஓட்டுவது சிரமமாயிற்று. பின்னர் வந்தது அதைத் தணித்துத் திறனையும் குறைத்தது.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் தொழிற்சாலை பொருத்திய வண்டி எண் தகட்டில் எண் சிபி என்று தொடங்கினால் 150, சிஆர் என்று தொடங்கினால் 125 என்று கொள்ளலாமா?

பதில்: தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் அப்படிக் கொள்ளலாம். அரை நூற்றாண்டில் எத்தனையோ கைகள் மாறிய வண்டியில் எந்தக் கேம் ஷாஃப்ட் இருக்கிறது என்பதைத் தகடு சொல்லாது. முந்தைய உரிமையாளரின் பழுதுபார்ப்பு ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கேள்வி: ஜாகுவார் இ-டைப்போடு ஒப்பிட முடியுமா?

பதில்: அந்த வண்டியில் எனக்குப் பழக்கமில்லை. ஜாகுவார் வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இரண்டில் எது வேகமானது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: புதுப் பெயிண்ட் அடித்து மின்னும் எம்ஜிபி ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: சில் பகுதியைப் பார்த்தீர்களா? மேலே தகடு ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் உள்ளே அரித்தது மறைந்துவிடும். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அகலத்தில் இல்லையென்றால் உடல் தொய்ந்திருக்கக்கூடும்.

கேள்வி: டிஆர்6க்குத் தனிச் சேசிஸ் இருக்கிறதே, அதில் கவலை இல்லையல்லவா?

பதில்: உண்டு. சேசிஸும் துருப்பிடிக்கும், பின்புறம், சக்கரங்களுக்குத் திறனைப் பகிரும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் இடங்களில் விரிசலும் விடும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்து, என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, முன்புறப் புல்லியைக் கவனியுங்கள். அது முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால் என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன. அவை கழன்று விழுந்தால் என்ஜின் பிளாக்கே பாழாகும். அந்த வண்டியை அன்று ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம்.