பறிபோன தராசும் தண்டல் கடனும்

கேள்வி: எங்கள் தெருமுனையில் பல வருடமாகக் கீரை விற்கும் பாட்டியின் தள்ளுவண்டியையும் தராசையும் நகராட்சி ஆட்கள் தூக்கிப் போய்விட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் புது வண்டி வாங்கித் தரலாமா?

பதில்: வண்டி அப்புறம். சாலையோர வியாபாரி என்ற அடையாள அட்டை இல்லையென்றால் புது வண்டியும் போகும். முதலில் மனு எழுத ஒரு வெள்ளைத்தாள் வாங்குங்கள்.

2014 சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பொருளை எடுப்பவர் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கேட்டு விண்ணப்பித்தால், அழுகும் பொருளை அன்றைக்கே விட வேண்டும். வண்டி, தராசு போன்றவற்றை 2 வேலை நாளுக்குள். அதற்கான கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். வாயால் கேட்டால் "நாளைக்கு வாம்மா" என்பார்கள். எந்த நாளிலிருந்து கணக்கு என்பதற்கு அத்தாட்சி இருக்காது. மனுவை 2 பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். எழுதத் தெரியாத பாட்டிக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுவே.

சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று வழங்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. அகற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் (18ஆம் பிரிவு). கணக்கெடுக்க மதியம் வந்திருந்தால், காலையில் மட்டும் விற்பவர் விடுபட்டிருப்பார். அப்படியானால், இந்தக் கணக்கெடுப்பை நடத்தும் நகர விற்பனைக் குழுவுக்கு விண்ணப்பியுங்கள். அந்த இடத்தில் விற்கும் பழைய படங்களை இணையுங்கள். முன்பு கட்டிய அபராத ரசீது இருந்தால் இன்னும் நல்லது: அவர் அங்கே விற்றதற்கு நகராட்சியே தந்த சாட்சி அது!

கேள்வி: அவர் தண்டலுக்கு வாங்கித்தான் சரக்கு எடுக்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலிப்பது தண்டல். மழையில் வியாபாரம் படுத்தாலும் அந்த 100 நிற்காது. சாலையோர வியாபாரிகளுக்கான பிரதமரின் ஸ்வநிதி கடன் திட்டத்தில் பிணையில்லாமல் முதல் தவணை 15,000 வரை கிடைக்கும். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. தவணை தவறாதவர்களுக்கு 7% வட்டி மானியம் கணக்கில் வரும். அட்டை இல்லாதவர் உள்ளாட்சி அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம்.

கடனுக்கு விண்ணப்பிக்கப் போகுமுன் ஆதாரில் எந்தக் கைபேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். வெளியூர் மகனின் எண்ணாக இருந்தால் ஓடிபி அங்கே போகும், விண்ணப்பம் பாதியில் நிற்கும்.