மலை வீட்டில் படுக்கையறைக்குச் சூடு வேண்டுமா?

மலைவீடு: கேள்வி–பதில்
பதில் தருபவர்: நீலகிரியில் வீடு கட்டித் தரும் பெண் பொறியாளர்

கேள்வி: தொழிலை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் பள்ளத்தில் மனை வாங்கி வீடு கட்டுகிறோம். சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. மூன்று படுக்கையறைகள், ஒன்று எண்பதை நெருங்கும் என் மாமியாருக்கு. கனடாவில் இருக்கும் இளைய மகன், எல்லா அறைகளிலும் டைல்ஸுக்கு அடியில் சூடேற்றும் மின்கம்பி பதிக்கச் சொல்கிறான். மேஸ்திரி, அறைக்கொரு கணப்பு வைத்தால்தான் பங்களா களை வரும் என்கிறார். என் கணவரோ, "கம்பளி எதற்கு இருக்கிறது?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மூவரில் உங்கள் கணவர்தான் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறார். தம் தாயாரை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.

உங்கள் மகன் கனடாவுக்குச் சரியாகத்தான் யோசிக்கிறார். அங்கே குளிர் இரவும் பகலும் மாதக்கணக்கில் நீடிக்கும். வீட்டைச் சூடாக வைக்காவிட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில்தான் இருக்கிறது. ஜனவரி விடியலில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். பதினொரு மணிக்கு நீங்களே ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போடுவீர்கள். நமக்குக் குளிர் இரவு நேரத்துச் சங்கதி. பகல் வெயிலை வாங்கி இரவுக்கு வைத்துக்கொள்ளத் தெரிந்த வீடாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மனை பள்ளத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. தெளிவான இரவில் சரிவெல்லாம் வழிந்து தண்ணீரைப் போலப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தாவில் உறைபனி கொட்டும்போது மேட்டு வீடுகள் தப்பிப்பது இதனால்தான். வாங்கிய மனையை இனி மாற்ற முடியாது. ஆகவே கூரையில் மனது வையுங்கள்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம், இரண்டு வெளிச்சுவர், மேலே வெறும் கான்கிரீட் தளம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 5 டிகிரி இருக்கும்போது உள்ளே 18 டிகிரி வேண்டுமானால், அந்த அறை ஏறத்தாழ 1,400 வாட் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். அதில் 500 வாட்டுக்கு மேல் கூரை வழியாக மட்டுமே போகிறது. தளத்தின் மேல் இரண்டு அங்குலக் கெட்டி பாலிஸ்டைரின் பலகை போட்டு (தெர்மோகோலின் உறவுதான், ஆனால் நீரை உறிஞ்சாத வகையாகக் கேட்டு வாங்குங்கள்), அதன்மேல் சரிவாகக் காரையும் ஓடும் பதித்தால், கூரை வழி இழப்பு 100 வாட்டுக்குக் கீழே இறங்கிவிடும். தரைக்கம்பிக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இதில் போடுங்கள். கம்பி ஒவ்வொரு இரவும் மின்சாரம் கேட்கும். பலகை ஒன்றும் கேட்காது.

பலகையைத் தளத்தின் மேலேதான் போட வேண்டும். கீழே அழகுக் கூரை (ஃபால்ஸ் சீலிங்) அடித்து அதற்குள் பஞ்சு அடைக்கிறேன் என்று யாராவது வருவார்கள், அனுப்பிவிடுங்கள். மலையில் குளிரைவிடப் பெரிய பகை ஓதம். ஜூன் பிறந்தால் வாரக்கணக்கில் வெயில் தலைகாட்டாது. மூச்சிலும் சமையலிலும் வரும் ஈரம், குளிர்ந்த கான்கிரீட்டின் அடியில் போய்த் துளித்துளியாகக் கட்டும். அழகுக் கூரை அதை மறைக்கும், தடுக்காது. என்னிடம் வரும் புகார்களில் முக்கால்வாசி "அறை குளிர்கிறது" என்பதல்ல. "பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துவிட்டது, பட்டுப் புடவையில் வெள்ளைப் புள்ளி விழுந்துவிட்டது" என்பதுதான். போய்ப் பார்த்தால் மேற்கு மூலை. மழைச் சாரல் நேராக அடிக்கும் சுவர். அதை ஒட்டி ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல் இரும்பு பீரோ. ஆறு அங்குலம் நகர்த்தி வைத்திருந்தால் காற்றாவது போயிருக்கும்.

எனவே மேற்குப் பக்கத்தைக் குளியலறைக்கும் மாடிப்படிக்கும் சாமான் அறைக்கும் விட்டுவிடுங்கள். படுக்கையறைகள் கிழக்கும் தெற்கும் பார்க்கட்டும். டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். தெற்கு ஜன்னல் வழியே வெயில் கட்டில் வரை வரும். ஜூனில் சூரியன் வடக்கே ஏறிவிடும். இரண்டடி சன்ஷேடு மழைக்குப் போதும். சுவர் எழும்பிவிட்டாலும் ஜன்னலின் அளவை இன்னும் மாற்றலாம். மேஸ்திரி முணுமுணுப்பார்; பரவாயில்லை.

அவருடைய கணப்புக்கு வருகிறேன். வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களில் அறைக்கொரு கணப்பு இருந்தது உண்மைதான். அந்த அறைக்கு விறகு சுமக்கவும், சாம்பல் அள்ளவும், விடியற்காலையில் மீண்டும் மூட்டவும் ஆட்கள் இருந்தார்கள். உங்கள் வீட்டில் அதை யார் செய்யப் போகிறார்கள்? திறந்த கணப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது. போகும்போது கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்றையும் உள்ளே இழுத்துவிடுகிறது. முகம் காயும், முதுகு நடுங்கும். அணைத்த பிறகு அந்தப் புகைபோக்கி அறைக்கூரையில் ஒரு துளையாகவே நிற்கும். இன்று பழைய பங்களாக்களில் பாதிக் கணப்புகளைப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள். ஆசைக்குக் கூடத்தில் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அடுப்பாக. மனையில் நிற்கும் சீகை மரத்தை வெட்டி எரிக்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும்.

தரைக்கம்பி, நாள் முழுவதும் ஆள் நடமாடும் இடத்துக்கு ஏற்றது. சூடேறவே நேரம் பிடிக்கும். படுக்கையறையில் பாதித் தரை கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில் மறைந்துவிடும். பழுதானால் டைல்ஸைப் பெயர்க்க வேண்டும். அறைக்கு இரவுக்கு 8 யூனிட் என்று குறைத்துப் போட்டாலும் மூன்று அறைக்கு 24. இரண்டு மாத பில்லில் 1,400 யூனிட்டைத் தாண்டும். நம் மின்கட்டணம் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் வகை என்பதை உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, பெருமழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும் இரவுகளும் உண்டு. அந்தக் கம்பிகளை வீட்டு இன்வர்ட்டர் இழுக்காது.

மாமியார் அறை வேறு கதை. முதியவர்களின் உடம்பு குளிரை உடனே உணராது, உணர்ந்தாலும் சொல்லமாட்டார்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டல். அந்த ஓர் அறைக்கு, குளிரும் வெப்பமும் தரும் ஏ.சி. ஒன்று போடுங்கள். இது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றிலிருந்து இறைத்துத் தருகிறது. அதனால் ஊட்டிக் குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். வெப்பம் தரும் வகைதானா என்று பெட்டியைப் படித்து வாங்குங்கள். கடையில் குளிர்விக்கும் ரகத்தைக் கட்டிவிடுவார்கள். தெற்குப் பக்கம் பார்த்த அறையாகவும், குளியலறை ஒட்டியதாகவும் அவருக்குக் கொடுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கதகதப்பான கட்டிலிலிருந்து எழுந்து ஈரத் தரையில் கால் வைக்கும் இடத்தில்தான் முதியவர்கள் விழுகிறார்கள். குளியலறைச் சுவரில் உயரத்தில் ஒரு சிறு ஹீட்டர், வழுக்காத தரை, கைப்பிடி. இது மூன்றும் அவசியம்.

மற்ற இரண்டு அறைகளுக்கு இப்போது எதுவும் வாங்க வேண்டாம். அறைக்கொரு 16 ஆம்பியர் பிளக் மட்டும், தனி ஒயரில் இழுத்து வைத்துவிடுங்கள். ஒரு குளிர்காலம் இருந்து பாருங்கள். தேவைப்பட்டால் ஆயில் ஹீட்டரை உருட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் வைத்து, படுக்கும்போது அணைக்கலாம்.

கேள்வி: கொடைக்கானலில் புது வீடு. குளிருக்குப் படுக்கையறையில் இரவு முழுக்கக் கரியடுப்பு வைக்கலாமா? புகை வராத நல்ல கரிதான். கேஸ் ஹீட்டர் மேலா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: வைக்கவே கூடாது. புகையாவது கண்ணைக் கரித்து எழுப்பிவிடும். கரி கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. விடுதி அறையில் கரியடுப்போடு படுத்தவர்கள் காலையில் எழாத செய்தியை மலையில் பலமுறை படித்தாயிற்று. புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் அதே காற்றைத்தான் தின்கிறது. மேலும் ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் சற்று மேலாகத் தண்ணீர் ஆவியாக அறையில் சேரும். அவ்வளவும் உங்கள் சுவரில்தான் போய் உட்காரும்.

கேள்வி: குன்னூரில் வாடகை வீடு. சுவரைத் தொட முடியாது. ஹீட்டர் போட்டால் தொண்டை வறள்கிறது, போடாவிட்டால் தூக்கம் இல்லை. மின்சாரக் கம்பளி வாங்கலாமா?
— ஒரு வங்கி ஊழியர், குன்னூர்

பதில்: தாராளமாக. அறையைச் சூடாக்க ஆயிரம் வாட் வேண்டும். ஆளைச் சூடாக்க நூறு வாட்டே போதும். படுப்பதற்கு அரை மணி முன்பு போட்டு, படுத்ததும் அணைத்துவிடுங்கள். மடித்து வைத்தால் உள்ளே கம்பி ஒடியும், சுருட்டி வையுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களும் கைக்குழந்தைகளும் அதில் படுக்கக் கூடாது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது, அல்லது சொல்லத் தெரியாது.