அமெரிக்கத் தென்மாநிலங்களில் சிறுவர் பேஸ்பாலுக்கு லிட்டில் லீக், டிக்ஸி யூத் என இரண்டு அமைப்புகள் இருப்பது ஏன்?

இந்தப் பிளவு 1955ஆம் ஆண்டுக் கோடையில் தெற்கு கரோலினா மாநிலத்தில் நேர்ந்தது. சார்ல்ஸ்டன் நகரின் கறுப்பினச் சிறுவர்களோடு ஒரே மைதானத்தில் தங்கள் பிள்ளைகள் ஆடக் கூடாது என்று நினைத்தவர்கள் தொடங்கிய அமைப்புதான் பின்னர் டிக்ஸி யூத் (இப்போதைய பெயர் டயமண்ட் யூத்) ஆனது.

லிட்டில் லீக் அதற்கு முந்தையது. 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் அதை ஆரம்பித்தார். பெரியவர்களின் ஆட்டத்தில் ஒரு பேஸுக்கும் (ஓடிப் போய்த் தொட வேண்டிய இடம்) அடுத்த பேஸுக்கும் இடையே உள்ள 90 அடித் தூரத்தைச் சிறுவர்களின் கால்களுக்கு ஏற்ப 60 அடியாகக் குறைத்தார். ஒரு மர வியாபார நிறுவனம், ஒரு பால் நிறுவனம், பிரெட்செல் என்ற தின்பண்டம் செய்யும் ஒரு நிறுவனம் ஆகியவற்றின் ஆதரவோடு மூன்று அணிகளைத் திரட்டினார். முதல் ஆட்டத்தில் மர வியாபார அணி பால் அணியை 23-8 என்று வென்றது. ஒவ்வொரு லீக்கும் தனக்கென வரையறுத்த எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளையே சேர்க்க வேண்டும் என்ற விதியால், அது பரவிய இடமெல்லாம் அந்தந்தப் பகுதியின் லீக்காகவே வேரூன்றியது.

சார்ல்ஸ்டனில் கேனன் தெரு ஒய்எம்சிஏ (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) 1953இல் நான்கு அணிகளுடன் அப்படி ஒரு லீக்கைத் தொடங்கி, முறையாகப் பதிவும் செய்தது. ஹார்மன் மைதானத்தில் ஆடிய அந்தச் சிறுவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்ததற்கு மறு ஆண்டு, ஒய்எம்சிஏவின் தலைவர் ராபர்ட் மாரிசன், நான்கு அணிகளிலும் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்து நகரப் போட்டிக்குப் பதிவு செய்தார். வெள்ளையர் அணிகள் விலகிக்கொண்டன. மாநிலப் போட்டியிலும் அதுவே நடந்தது. வெள்ளையருக்கு மட்டும் தனிப் போட்டி நடத்த அனுமதி கேட்ட லிட்டில் லீக்கின் மாநில இயக்குநர் டேனி ஜோன்ஸ், அதன் தலைமையகம் மறுத்துவிட்டதும் பதவி விலகி, வேறு அமைப்பைத் தொடங்கினார். தென்மாநிலங்களின் லீக்குகள் பல அவர் பின்னால் போயின.

எதிரணி எதுவும் வராததால் கேனன் தெரு அணியே மாநில வெற்றியாளர். அடுத்து ஜார்ஜியாவின் ரோம் நகரில் வட்டாரப் போட்டி. அங்கே வென்றால் வில்லியம்ஸ்போர்ட்டில் உலகத் தொடர். ஆனால் ஆடி வென்ற அணிதான் முன்னேறலாம் என்ற விதியைக் காட்டித் தலைமையகம் அவர்களைத் தடுத்துவிட்டது. பிரிவினைக்கு இணங்க மறுத்த அதே தலைமையகம் இப்படிச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஆடத் தயாராக இருந்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்; ஆட மறுத்தவர்கள் நினைத்தது நடந்துவிட்டது. விதியைத் தளர்த்தும் அதிகாரம் தலைமையகத்தின் கையில்தான் இருந்தது.

மாறாக, உலகத் தொடரைப் பார்க்க விருந்தினர்களாக வரும்படி அழைத்தார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சார்ல்ஸ்டனிலிருந்து பேருந்தில் அவ்வளவு தூரம் போனார்கள். மைதானத்தில் இறங்கிச் சிறிது நேரம் பயிற்சி செய்ய மட்டும் அனுமதி கிடைத்தது. பந்தைப் பிடித்தும் எறிந்தும் அவர்கள் காட்டிய திறமையைப் பார்த்த கூட்டம், “அவர்களை ஆட விடுங்கள்!” என்று குரல் எழுப்பியது. பிறகு அவர்கள் இருக்கைகளுக்குத் திரும்பி, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தார்கள். இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 26 அன்று நடந்தது. இரண்டு நாள் கழித்து மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். தம் பிள்ளைகளை அந்தக் காலத்தில் அத்தனை தொலைவு அனுப்பிய பெற்றோரின் துணிவை இதோடு சேர்த்துத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2002இல் லிட்டில் லீக் அவர்களை மீண்டும் வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அழைத்து, 1955ஆம் ஆண்டின் தெற்கு கரோலினா மாநில வெற்றியாளர் என்ற பதாகையை அளித்தது. அறுபதை நெருங்கிய ஆண்கள் அதைப் பெற்றுக்கொண்டார்கள். டிக்ஸி யூத் தன் விதிகளிலிருந்த இனத் தடையைப் பின்னாளில் நீக்கிவிட்டது. இன்று எல்லா இனப் பிள்ளைகளும் அதில் ஆடுகிறார்கள். இருந்தும் தென்மாநிலங்கள் பலவற்றில் இரண்டு அமைப்புகளும் இன்றுவரை தனித்தனியாகவே இயங்குகின்றன.